போனாப் போகுது பிரசிடெண்டும் முத்தூர்ப் பாதைத் தொட்டியும்

நேற்று மத்தியானம் ஆபீசில் ஜூனியர்கள் நீங்கள் போட்ட கூச்சலில் என் தூக்கம் கெட்டது. பரவாயில்லை, நல்ல கூச்சல்தான். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்து ஜனாதிபதி தனக்கு வேண்டியவரை மன்னித்துவிட்டார் என்று பேப்பரில் வந்திருக்கிறது. அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி, அவரையே பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று மூன்றாவது கட்சி. மூன்றாவது கட்சிக்கு நம் அம்மணிதான் தலைவி. அவள் மேசையைத் தட்டிய தட்டில் என் மசிக்கூடு சாய்ந்து, நான் எழுதி வைத்திருந்த அப்பீல் மனு பாதி நீலமாகிவிட்டது.

கோபமெல்லாம் இல்லை. எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. இதே வழக்கை நான் கண்ணால் பார்த்தவன் தம்பிகளா! நீங்கள் யாரும் பிறக்காத காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். அங்கே ஜனாதிபதி கிடையாது, பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டுதான். ஆனால் மன்னிப்பு இருந்தது, வரம்பு மீறல் இருந்தது, "எறக்கிப் போடோணும்" என்ற கூப்பாடு இருந்தது. நான் கோயமுத்தூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நெஞ்சுக்குள் எப்போதும் தபேலா வாசிக்கும் வயது. இனி வழக்காட வேண்டியவர்கள் நீங்கள்தான் என்பதால் சொல்கிறேன், சட்டப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். பிரசிடெண்டு குடும்பத்தார் இன்றைக்கும் எனக்கு வருஷா வருஷம் நிலக்கடலை அனுப்புகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அந்த ஊர் பிரசிடெண்டு நல்ல உயரம், வெள்ளைத் தலைப்பாகை, தோட்டம் துரவோடு பருத்தி அரைவை ஆலையும் உள்ளவர். அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை, "போனாப் போகுது, உடுங்க."

ஒருவனுடைய எருமை அடுத்தவன் சோளக்காட்டில் மேய்ந்துவிட்டால் அதைப் பிடித்துத் தொண்டுப்பட்டியில் அடைப்பார்கள். ஊருக்கு வெளியே, போர்டுக்குச் சொந்தமான கல்சுவர் அடைப்பு அது. எருமைக்காரன் வந்து துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிரசிடெண்டு முன்னால் நிற்பான். "போனாப் போகுது, உடுங்க." எருமை வெளியே வந்துவிடும். சந்தையில் எடைக்கல்லில் தில்லுமுல்லு செய்தவன் வருவான். "போனாப் போகுது." சாலையை அடைத்துக் கடை போட்டவன் வருவான். அவனுக்கும் அதேதான். சோளம் இழந்தவனாவது சண்டை போடுவானா என்றால், அதுவும் இல்லை. அவரிடம் வந்து, "நீங்க சொன்னாச் செரிங்க" என்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கத்துவான். நம் ஊர் மரியாதை அப்படி. யாருக்கும் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வாய் வராது.

இதெல்லாம் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். போர்டு விதிக்கிற தண்டனையை போர்டுத் தலைவர் தள்ளிவிடலாம். அவரை வெளிப்படையாக எதிர்த்த ஒரே ஆள் பஸ் முதலாளி. அவரும் போர்டு உறுப்பினர். வீட்டில் தெலுங்கு பேசுவார், வெளியில் கொங்குத் தமிழ் பொழிவார். இரண்டிலும் நன்றாகத் திட்டுவார். அவருடைய பஸ் கொட்டகை வாசலில் ஒருவன் வண்டிப்பட்டறை போட்டு வழியை அடைத்துவிட்டான். பஸ் முதலாளி முறையிட்டும் பிரசிடெண்டு அந்தப் பட்டறைக்காரனை மன்னித்துவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு காலையும் பஸ் முதலாளி தம் பஸ்ஸைப் பின்பக்கமாகவே எடுத்து, தெரு முனை வரை கோபமாகப் பின்னோக்கி வரவேண்டியிருந்தது.

பாதிக்கு மேல் உறுப்பினர்களைத் திரட்டிக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே எனக்குக் கை பரபரத்தது. ஒரு பிரசிடெண்டையே இறக்கப் போகிறோம்! டிபுடி கலெக்டர் வந்து கூட்டம் நடத்துவதாக நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த ஆடியில்தான் வெக்கை நோய் வந்தது. மாட்டுக்கு வருகிற தொத்து நோய். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் புண்ணாகும், கழிச்சல் கண்டு மாடு விழுந்துவிடும். நோய்ப்பட்ட மாடு வாய் வைத்த தண்ணீரில் நல்ல மாடு வாய் வைத்தால் போதும், ஒரு பட்டியே காலியாகும். வெளியூரிலிருந்து வரும் மந்தையை, மாட்டு டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை தனியே அடைத்து வைக்கும்படி கலெக்டர் உத்தரவு போட்டார். அடைக்க இடமும் காவலுக்கு ஆளும் கொடுப்பதுதான் போர்டின் வேலை. தொண்டுப்பட்டி அதற்கு ஒதுக்கப்பட்டது.

அதில் முதலில் மாட்டிக்கொண்டவர் யார் தெரியுமா? பிரசிடெண்டின் மச்சினன், அவர் மனைவியின் தம்பி. மாட்டு வியாபாரி. தெற்கேயிருந்து ஒரு மந்தையைப் பிடித்துக்கொண்டு அந்தியூர்ச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தியூர்ச் சந்தை வருஷத்துக்கு ஒரு தடவை. அதைத் தவறவிட்டால் அவருடைய வருஷமே போயிற்று. தினமும் வந்து அக்காவின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, போட்ட சோற்றைத் தொடாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தன்று காலை நான் பஸ் முதலாளியின் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். இறங்கியதும் ஒரு பெண்பிள்ளை என் முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்கால்வரை புழுதி.

"ஏனுங்க, நீங்கதானுங்களே கோயமுத்தூர் வக்கீலு?"

"ஆமாங்க. நீங்க?"

"எம் பேரு நாச்சாயிங்க. முத்தூர்ப் பாதையில தண்ணித்தொட்டி இருக்குதல்லங்க, அந்தத் தோட்டத்துக்காரி."

அவளுடைய புருஷன் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. விட்டுப்போனது கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு, சில மாடுகள், அவற்றில் ஒரு காங்கயம் பொலிகாளை. சுற்றுவட்டாரத்துப் பசுக்களெல்லாம் அந்தக் காளையிடம்தான் வரும். அவள் சாப்பாடே அதுதான். புருஷன் பெயரில் சாலையோரம் ஒரு கல்தொட்டி வைத்து, தினமும் விடிந்ததும் தண்ணீர் இறைத்து நிரப்புவாள். அந்தியூருக்கு நடந்துபோகும் மந்தைகளெல்லாம் அங்கேதான் வாய் நனைக்கும். அவள் மாடுகளும் அதிலேதான் குடிக்கும்.

"பிரசிடெண்டு மாமன் பட்டியத் தொறந்து உட்டுப்போட்டாருங்க. விடியக் கருக்கல்லயே மந்தை கெளம்பிருச்சு. முத்தூர்ப் பாதையிலதானுங்க வருது. அவரு மச்சினனை அவரு மன்னிச்சாரு, செரிங்க. அந்த நோயி என்ர மாட்ட மன்னிக்குமுங்களா?"

"தொட்டியில தண்ணியில்லைன்னு சொல்லிடுங்களேன்."

அவள் என்னை ஏதோ வெளிநாட்டான் மாதிரிப் பார்த்தாள். "வாயில்லாத சீவன் தாகத்தோட வந்து நிக்கறப்ப, தண்ணி இல்லீன்னு எப்படீங்க சொல்றது?"

பஸ் முதலாளி இதைக் கேட்டுக் குதித்தார். உண்மையாகவே குதித்தார்! "வக்கீலுங்க, நம்ம அதிர்ஷ்டத்தப் பாத்தீங்களா? மச்சினனுக்காகப் பட்டியத் தொறந்துபோட்டான் மனுசன்! கூட்டத்துல இத எடுத்து உடுங்க. ஆளு இன்னிக்குக் காலி!"

எனக்கும் அதே குதிப்புதான். வழக்கில் இப்படி ஒரு துருப்பு கையில் வந்து விழுந்தால் எந்த வக்கீல் சும்மா இருப்பான்? "கவலைப்படாதீங்க அம்மணி, கூட்டம் முடிஞ்சதும் எல்லாத்தையும் பார்த்துக்கலாம்" என்றேன்.

"கூட்டம் முடியறதுக்குள்ள மந்தை தொட்டிக்கு வந்துபோடுமுங்க" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், காட்டுக்குள் குறுக்கு வழியில் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

போர்டு கட்டிடத்தில் கூட்டம். உள்ளே உறுப்பினர்கள், ஜன்னல்களில் ஊர். தலைமை வகித்த டிபுடி கலெக்டர் வேறு சீமைக்காரர், நம் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர். நான் வேடிக்கை பார்ப்பவர்களுக்கான பெஞ்சில், பஸ் முதலாளியின் நாற்காலிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். அவர் பேசினார் பாருங்கள், தூள்! தொண்டுப்பட்டி, எடைக்கல், வண்டிப்பட்டறை, கடைசியில் மச்சினன் மந்தை. ஜன்னல்களில் "ஆமாங்க, ஆமாங்க" என்று சத்தம். பிரசிடெண்டு உட்கார்ந்தபடியே ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"அழுதுக்கிட்டு வந்து நிக்கறவனத் தொரத்தறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அது தப்புன்னா உங்க இஷ்டம்."

அதைக் கேட்டதும் எனக்கே கொஞ்சம் அவரைப் பிடித்துப்போனது. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், பிடித்துப்போகிறவர்கள்தான் அதிகாரத்தில் ஆபத்தானவர்கள். கெட்டவன் கதவைத் திறந்தால் ஊரே கண்காணிக்கும். நல்லவர் திறந்தால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

டிபுடி கலெக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார். "தீர்மானத்தை ஆதரிக்கும் உறுப்பினர்கள் எழுந்து நிற்கவும்."

சரியாக அந்த நேரத்தில், நேரம் கழித்து வந்த ஒரு கிழ உறுப்பினர் தடியை ஊன்றிக்கொண்டு வாசல்படியில் கால் வைத்தார். பிரசிடெண்டுக்குப் பெரியப்பா முறை. அவரைப் பார்த்ததும் பிரசிடெண்டு "வாங்க, வாங்க" என்று சட்டென்று எழுந்தார். பிரசிடெண்டு எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? மொத்த போர்டும் எழுந்தது. எதிர்க்கட்சி, சொந்தக் கட்சி, யாரும் பாக்கியில்லை. டிபுடி கலெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். எல்லோரும் நிற்கிறார்கள். யாரை இறக்க வேண்டுமோ அவரும் சேர்ந்து நிற்கிறார்!

"ஏகமனதாக…" என்று ஆச்சரியத்தோடு எழுத ஆரம்பித்துவிட்டார்.

பஸ் முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் கையைப் பிடித்து அழுத்தி, "செயிச்சாச்சு வக்கீலுங்க, மூச்சு உடாதீங்க" என்றார்.

தம்பிகளா, ஒரு வக்கீலுக்கு வாழ்க்கையில் இப்படிச் சில நிமிஷங்கள்தான் வாய்க்கும். ஜெயித்தாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. நாச்சாயியின் புழுதிக் கால்தான் நினைவுக்கு வந்தது. பிரசிடெண்டு இறங்கிவிட்டார், சரி. அதனால் முத்தூர்ப் பாதையில் ஒரு மாடாவது திரும்புமா? திரும்பாது! பதவியில்லாத பிரசிடெண்டு கோபத்தோடு தோட்டத்துக்குப் போய்விடுவார். டிபுடி கலெக்டர் மேலே ரிப்போர்ட் எழுதுவார். சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் கிளம்புவார். அந்த மச்சினன் உலகத்தில் ஒரே ஒரு ஆளின் சொல்லைத்தான் கேட்பார். அந்த ஆளைத்தான் நாங்கள், மரியாதைக்கு எழுந்ததை ஓட்டாகத் தப்புக் கணக்குப் போட்டு, இறக்கிக்கொண்டிருந்தோம்.

எழுந்துவிட்டேன். "ஐயா, அவர்கள் ஓட்டுக்கு எழவில்லை. பெரியவருக்காக எழுந்தார்கள்!"

ஜன்னல்களில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், கட்டிடமே குலுங்கியது. பஸ் முதலாளி தெலுங்கில் எனக்கு ஏதோ ஆசீர்வாதம் செய்தார். டிபுடி கலெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீர் யார்? உமக்கு இங்கே பேச உரிமை இல்லை."

"இல்லைதான் ஐயா. ஓட்டெடுப்பைச் சாயங்காலத்துக்கு ஒத்திவையுங்கள் என்று கேட்கவும் உரிமை இல்லை. அதையும் கேட்டுவிடுகிறேன்."

"எந்தச் சட்டப்படி ஒத்திவைப்பது?"

"கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதன்படிதான். இங்கே நாம் தலையை எண்ணிக்கொண்டிருக்கிறோம், அங்கே நோய் அந்தியூருக்கு நடந்துகொண்டிருக்கிறது." பிரசிடெண்டு பக்கம் திரும்பினேன். "எருமையை விட்டீர்கள், அது போர்டு விஷயம். இந்த மந்தையை அடைக்கச் சொன்னது கலெக்டர். அந்த உத்தரவைத் தள்ளிவிட உங்களுக்கு அதிகாரமே இல்லை."

பிரசிடெண்டு உண்மையாகவே திகைத்துப்போனார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "பட்டிச் சாவி எங்கிட்டத்தானுங்களே இருந்துது?"

அந்தக் கேள்வியில் கபடமே இல்லை. சாவி கையில் இருந்தால் அதிகாரமும் கையில் இருப்பதாக அவர் நினைத்திருந்தார். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள், பெரிய வழக்குகளில், இதே கேள்வியைக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் இவரைப்போல் சாவியை வெளியே எடுத்துக் காட்டவில்லை.

"அந்த மந்தை நாச்சாயி தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போகிறது" என்றேன். "அதற்குப் பின்னால் வருகிற அத்தனை மந்தையும் அதிலேதான் குடிக்கும். சந்தையிலிருந்து ஊர் ஊராகப் போகும். மச்சினன் உங்களுக்கு ஏதாவது கெடுதல் செய்திருந்தால் அதை நீங்கள் மன்னிக்கலாம். நாச்சாயி மாட்டுக்கு வருவதை மன்னிக்க நீங்கள் யார்?"

அவர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு டிபுடி கலெக்டரைப் பார்த்து, "பொழுதோட வந்துபோடறனுங்க. அப்பறம் என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்றார். டிபுடி கலெக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை ஒத்திவைத்தார். நல்ல மனிதர். எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதாமலே கையெழுத்துப் போட்டார்.

மந்தையைப் பிடிக்க ஊரில் ஒரே ஒரு வாகனம்தான் உண்டு. எல்லோரும் பஸ் முதலாளியைப் பார்த்தோம்.

"என்ர பஸ்ஸுல? இவர? நானு?" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆனால் "முடியாது" என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. வாயில் வந்தது, "செரி, ஏறித் தொலைங்க."

பஸ் வழக்கம்போலப் பின்னோக்கி வந்தது. பட்டறைக்கு முன்னால் அது திணறியபோது உள்ளே உட்கார்ந்திருந்த பிரசிடெண்டு கேட்டார். "ஏனுங்க, தெனமும் இப்படியா எடுக்கறீங்க?" பஸ் முதலாளி கியரைப் போட்ட போடில் எங்கள் பல்லெல்லாம் ஆடியது.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது! சாலையா அது, கல்லும் குழியும். தலைப்பாகை ஒரு பக்கம், என் கோட்டு ஒரு பக்கம். இருபுறமும் வேலி பறக்கிறது. புதிதாய்ப் போட்ட சாணம் சாலையில் தெரியத் தெரிய, "பக்கத்துலதான், பக்கத்துலதான்" என்று பிரசிடெண்டு எழுந்து நின்று கத்துகிறார். யாரை இறக்க வந்தேனோ அவர் கீழே விழாமல் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு திருப்பம் திரும்பினோம். புழுதி மேகம். மந்தை!

ஆனால் மந்தை நடக்கவில்லை. சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கத்தின. ஓட்டிவந்த ஆட்களும் மச்சினனும் யாரையோ வளைத்து நின்று சத்தம் போட்டார்கள். நாங்கள் விலக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

நடுவில் நாச்சாயி நின்றாள். கையில் கடப்பாரை. அவள் காலடியில் கல்தொட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. தண்ணீரெல்லாம் முன்பே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. புருஷன் பெயர் வெட்டியிருந்த பக்கம் எழுத்துக்கு நடுவிலேயே உடைந்திருந்தது. அவள் உள்ளங்கை தோலுரிந்து ரத்தமாக இருந்தது. அவள் மாடுகள் தள்ளிக் கட்டுத்தரையில் கட்டிக் கிடந்தன.

"என்ன அம்மணி இப்படிப் பண்ணிப்போட்ட?" பிரசிடெண்டு கேட்டார்.

"தொட்டியில தண்ணிய வெச்சுக்கிட்டு இல்லீன்னு சொல்ல என்னால ஆகாதுங்க மாமா" என்றாள். "அதுதான் தொட்டியே இல்லாமப் பண்ணிப்போட்டேன்."

நான் பல வாதங்களைக் கேட்டிருக்கிறேன், ஹைகோர்ட்டில்கூட. அதற்கு மேல் ஒன்றைக் கேட்டதில்லை. பஸ் முதலாளி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மச்சினன் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க! கெணத்துல எறச்சு ஊத்தச் சொல்லுங்க. இன்னிக்குக் கொடுமுடி தாண்டலீன்னா சந்தைக்குப் போய்ச் சேர முடியாது!"

பிரசிடெண்டு மந்தைக்குள் நடந்தார். ஒவ்வொரு மாட்டின் முகத்தையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார். பின்வரிசையில் ஒரு செவலைக் காளையிடம் நின்றார். அதன் கண்ணோரத்தில் பீளை கட்டியிருந்தது, மூக்கிலிருந்து கயிறாக நீர் இறங்கியது.

"மாப்ள, மந்தையத் திருப்பு."

"மச்சான், நீங்கதானே காலையில…"

"நாந்தான். திருப்பு."

"அக்கா என்ன சொல்லும்னு நெனச்சீங்களா? இந்த ஒரு தடவ உட்டுருங்க மச்சான்."

அவர் வாய் திறந்தது. "போனாப்…" என்று நாக்கு தானாகவே கிளம்பியதை நான் பார்த்தேன். கூட இருந்த எல்லோரும் பார்த்தார்கள். உடைந்த தொட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"முடியாது மாப்ள."

அந்த வார்த்தை அவருக்குப் புதியது. முதல் தடவையாகக் உப்பில்லாமல் சாப்பிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் தெளிவாக, "முடியாது" என்றார்.

தாகத்தோடு நிற்கும் மாடுகளைத் தொண்டுப்பட்டி வரைக்கும் நடத்த முடியாது. கொஞ்சம் தள்ளி அவருடைய தோட்டமே ஒன்று இருந்தது, கிணற்றோடு. அங்கே இருந்த தம் மாடுகளை வேறு காட்டுக்கு ஓட்டச் சொல்லி ஆள் விட்டார். "மன்னிச்சது நானு. வர்றது என்ர தோட்டத்துக்கு வரட்டும்" என்று மந்தைக்கு முன்னால் தாமே நடந்தார். தோட்டத்து வேலிப் படலைச் சாத்திக் கயிறு கட்டும்வரை நாங்கள் கூடவே இருந்தோம்.

சாயங்காலம் அதே கூட்டம். நாச்சாயியையும் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தோம், கையில் துணிக்கட்டோடு வாசலில் நின்றாள். டிபுடி கலெக்டர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. வாசலில் பெரியவர் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்.

"தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

பிரசிடெண்டு எழுந்தார்.

டிபுடி கலெக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஐயா, இது மரியாதைக்கா, ஓட்டுக்கா?"

"ஓட்டுக்குத்தானுங்க. இந்த நாற்காலி எனக்கு ஆகாதுங்க. என்னைய எறக்கி உட்டுருங்க, போனாப் போகுது."

அவர் நின்றுகொண்டே இருந்தார். வேறு ஒருவரும் எழவில்லை. அந்த ஊரில் அவர் நிற்க மற்றவர்கள் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அப்படி உட்கார்ந்திருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. நான் பஸ் முதலாளியின் தோளைத் தொட்டேன். தீர்மானமே அவருடையதல்லவா?

"நானு எந்திரிக்க மாட்டனுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவர எறக்கிப்போட்டா அந்த நாற்காலியில நானு உக்காரோணும். எனக்கு நாலு மச்சினனுங்க."

சிரிப்பு அடங்கியதும் வாசலிலிருந்து நாச்சாயியின் குரல் வந்தது.

"அதெல்லாம் முடியாதுங்க மாமா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பட்டியத் தொறந்து உட்டுப்போட்டு, இப்ப உங்களையும் நீங்களே தொறந்து உட்டுக்கலாம்னு பாக்கறீங்களா? நோயி போற மட்டும் நீங்கதானுங்க காவலு. எனக்குத் தொட்டி வெச்சுக் குடுங்க. அப்பறம் எறங்கறதுன்னா எறங்கிக்குங்க."

பிரசிடெண்டு அவளைப் பார்த்தபடியே மெதுவாக உட்கார்ந்தார். டிபுடி கலெக்டர் முடிவை எழுதினார். ஆதரவு ஒன்று. எழுதிவிட்டு என்னை அருகில் கூப்பிட்டு, பிரசிடெண்டுக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒரே ஆள் பிரசிடெண்டுதான் என்பதைக் கலெக்டருக்கு எப்படி விளக்குவது என்று கவலையோடு கேட்டார்.

அந்தச் செவலைக் காளை அந்த வாரமே செத்தது. அதன் பின்னால் இன்னும் சில. எல்லாம் அந்தப் படலுக்கு உள்ளேயே. நாச்சாயியின் கட்டுத்தரைக்கு நோய் வரவில்லை. அந்தியூர்ச் சந்தையும் நல்லபடியாக நடந்தது. பிரசிடெண்டு படலுக்கு வெளியே கட்டிலைப் போட்டுக்கொண்டு, மாட்டு டாக்டர் சொல்லும்வரை அங்கேயே கிடந்தார். நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். யாரோ ஒரு சொந்தக்காரர் இன்னொரு மந்தைக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "முடியாதுங்க" என்றார் இவர். 'ங்க'வை மட்டும் அவரால் விட முடியவில்லை.

வண்டிப்பட்டறையும் அந்த மாதமே இடம் மாறியது. பஸ் முன்னோக்கி வெளியே வந்த அன்று பஸ் முதலாளி எனக்குக் கடுதாசி போட்டார்.

ஆகையால், மேசையைத் தட்டு அம்மணி, தாராளமாகத் தட்டு. வரம்பு மீறியவரைக் கேள்வி கேட்கத்தான் நாம் கோட்டு போட்டிருக்கிறோம். இறக்க வேண்டியவரை இறக்கத்தான் வேண்டும். தட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்: நாம் இங்கே சத்தம் போடுகிற நேரத்தில் மந்தை எந்தப் பாதையில் நடந்துகொண்டிருக்கிறது, யாருடைய தொட்டியை நோக்கி?

பிரசிடெண்டு வைத்துக் கொடுத்த புதுத் தொட்டி இன்னும் இருக்கிறது, முத்தூருக்குப் போனால் பாருங்கள். தம் பெயரை அதில் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாச்சாயியின் புருஷன் பெயர்தான் இருக்கிறது. பழைய தொட்டியின் பாதிக் கல்லைத் தூக்கிப்போட நாச்சாயி விடவில்லை. அதைப் புதுத் தொட்டிக்குப் படியாகப் போட்டிருக்கிறாள். தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் அதன்மேல்தான் ஏறி நிற்க வேண்டும்.